‘கடலுக்குச் செல்ல…’ என்று பாதியில் வெட்டுப்படும் எச்சரிக்கை: மீனவர் செயலியை எல்லாருக்கும் ஏற்றதாக்க எதை முதலில் சரிசெய்வது?

பாம்பன்கரை கேட்டது:

வணக்கம். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து நாட்டுப்படகு, விசைப்படகு ஆட்களுக்காக ஆண்ட்ராய்டு செயலி ஒன்று பிளட்டரில் (செயலி எழுத உதவும் கருவித்தொகுப்பு) செய்கிறோம். மொத்தம் நான்கு திரைகள்: வானிலை எச்சரிக்கை, ஏல விலை, டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) நிலவரம், மீன்பிடித் தடைக்கால நிவாரண விண்ணப்பம். வேலை செய்வது ஒரே ஆள், கையில் இருப்பது மூன்று வாரம்.

சோதனைப் பதிப்பில் வந்த குறைகள் இவை. டாக்பேக் (திரையில் இருப்பதைப் பார்வையற்றவருக்குச் சத்தமாகப் படிக்கும் ஆண்ட்ராய்டு வசதி) போட்டால் பாதிப் பட்டன்களுக்குப் பெயரே இல்லை. வயதானவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். அப்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. கரையில் வெயிலில் திரை தெரிவதில்லை. ஈரக் கையால் தொட்டால் எதையோ தொட எதுவோ திறக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களும் இருக்கிறார்கள், காது கேளாதவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. எதில் தொடங்கலாம்?

வலைக்கண்ணி:

எச்சரிக்கைத் திரையில் தொடங்குங்கள். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது நிறமோ பட்டனோ இல்லை, வாக்கியம்.

தமிழில் வினை கடைசியில்தான் வரும். ‘இன்று மன்னார் வளைகுடாப் பகுதியில் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்பதை ஒரு வரிக்குள் அடக்கி, மிச்சத்தை மூன்று புள்ளியாக வெட்டும்படி எழுதியிருந்தால், எழுத்து பெரிதாக வைத்த போனில் தெரிவது ‘இன்று மன்னார் வளைகுடாப் பகுதியில் கடலுக்குச் செல்ல…’ மட்டும்தான். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா? ஆங்கிலத்தில் மறுப்பு முன்னாலேயே வந்துவிடுவதால், அங்கே வால் வெட்டுப்பட்டாலும் பொருள் பிழைத்துக்கொள்ளும். நமக்கு வாலில்தான் உயிர் இருக்கிறது.

ஆகவே முடிவை முன்னால் போடுங்கள். ‘செல்ல வேண்டாம்: தென்கடல், இன்று இரவு வரை. காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65.’ இப்படி எழுதினால் எங்கே வெட்டினாலும் கெடுதல் இல்லை. டாக்பேக் கேட்பவருக்கும் இதில் லாபம் உண்டு. அவர் முழுவதையும் கேட்டு முடிக்காமல் அடுத்ததற்குத் தள்ளினாலும் முக்கியமான சொல் காதில் விழுந்திருக்கும்.

நிரலில் செய்ய வேண்டியது: எச்சரிக்கை வரும் டெக்ஸ்ட் விட்ஜெட்களில் (எழுத்தைக் காட்டும் கூறுகள்) வரி எண்ணிக்கையைக் கட்டும் ‘மேக்ஸ்லைன்ஸ்’, மூன்று புள்ளி போட்டு வெட்டும் ‘எலிப்சிஸ்’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷன் சுருங்கிய நிலையில் ஒரு வரிதான் காட்டும் என்பதால், தலைப்பில் ‘செல்ல வேண்டாம்: தென்கடல்’ என்று மட்டும் வைத்து, மீதியை ‘பிக் டெக்ஸ்ட் ஸ்டைல்’ போட்டு விரித்துப் படிக்கும்படி கொடுங்கள்.

இன்னொன்று, கடல் எது என்பது. பாம்பனில் இரண்டு பக்கமும் கடல். பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல் என்றுதான் ஆட்கள் பேசுகிறார்கள். வரைபடத்தில் நிறம் பூசிக் காட்டுவதோடு நிறுத்தினால் பார்வையற்றவருக்கு அது வெறும் ‘படம்’. முதல் முறை திறக்கும்போதே ‘வடகடல்’, ‘தென்கடல்’, ‘இரண்டும்’ என்று மூன்று பெரிய பட்டன் கொடுத்துக் கேட்டுவிட்டு, அதற்குரிய எச்சரிக்கையை வாக்கியமாகவே காட்டுங்கள். வரைபடம் கீழே கிடக்கட்டும்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணுக்கும் இதே கதைதான். பகலில் ஏற்றும் கூண்டு உருவத்தையும் இரவில் எரியும் சிவப்பு, வெள்ளை விளக்கையும் ஐகானாக வரைந்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ‘1ஆம் எண் கூண்டு: தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியுள்ளது’ என்று எண்ணையும் பொருளையும் எழுத்தில் போடுங்கள். 11 எண்களுக்கும் ஒரு முறை எழுதி வைத்தால் போதும், அப்புறம் அதைத் தொட வேண்டிய வேலையே வராது.

கடைசியாக, எச்சரிக்கையை ஜேபிஜி படமாக அப்படியே ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் சுற்றறிக்கையை எடுத்துப் போடுவது சுலபம்தான். டாக்பேக் அதை ஒழுங்காகப் படிக்காது, எழுத்தைப் பெரிதாக்கினாலும் அது பெரிதாகாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை நகலெடுத்து ஒட்டினாலும் இதே கதிதான். பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குப்பை; டாக்பேக் அந்தக் குப்பையைத்தான் படிக்கும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

டாக்பேக்_தினமும்:

வலைக்கண்ணி சொன்னது அத்தனையும் சரி. காதால் கேட்பவர்களுக்கு வேண்டியதை நான் சேர்க்கிறேன்.

முதலில் குரல். இங்கே பெரும்பாலான போன்கள் ஆங்கிலத்தில் இருக்கும், செயலி மட்டும் தமிழில் இருக்கும். எழுத்து எந்த மொழி என்று நீங்கள் சொல்லாவிட்டால் டாக்பேக் ஆங்கிலக் குரலிலேயே படிக்கப் பார்க்கும். பல குரல் எஞ்சின்களில் (எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள்) தமிழ்ச் சொற்கள் விட்டுப்போய், நடுவில் வரும் எண்கள் மட்டும் கேட்கும். ‘நாற்பத்தைந்து… ஐம்பத்தைந்து…’ என்று காதில் விழுந்தால் என்ன புரியும்? பிளட்டரில், டாக்பேக்குக்கு வேண்டிய விவரத்தைத் தரும் செமான்டிக்ஸ் விட்ஜெட்டின் ‘அட்ரிபியூட்டட் லேபிள்’ வழியாக, ‘லொக்கேல் ஸ்ட்ரிங் அட்ரிபியூட்’ கொண்டு தமிழ்–இந்தியா என்று குறிக்கலாம். நேரடி ஆண்ட்ராய்டு என்றால் ‘லொக்கேல் ஸ்பேன்’.

போனில் தமிழ்க் குரல் இறங்கியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. நடுக்கடலில் சிக்னல் இருக்காது. நெட் வழியாக வரும் குரல் அங்கே உதவாது. முதல் முறை திறக்கும்போதே தமிழ்க் குரல் இருக்கிறதா என்று எஞ்சினைக் கேளுங்கள். ‘தரவு இல்லை’ என்று பதில் வந்தால், கரையில் வைஃபை இருக்கும்போதே இறக்கிக்கொள்ளச் சொல்லி அமைப்புப் பக்கத்துக்கு நேராகக் கூட்டிப்போங்கள்.

அடுத்தது எழுதும் முறை. கண்ணுக்குச் சரியாக இருப்பது காதுக்குச் சரியாக இருக்காது. ‘45-55 கி.மீ.’ என்று போட்டால் நடுக்கோட்டை ஒரு எஞ்சின் விழுங்கும், இன்னொன்று ‘மைனஸ்’ என்று படிக்கும். ‘கி.மீ.’ என்பது ‘கி… மீ…’ என்று துண்டு துண்டாக வரும். ‘ரூ.450/-’ இன்னும் மோசம். ‘5.30’ நேரமா விலையா என்பதே தெரியாது. ‘45 முதல் 55 கிலோமீட்டர்’, ‘450 ரூபாய்’, ‘காலை 5 மணி 30 நிமிடம்’ என்று திரையிலேயே விரித்து எழுதிவிடுங்கள். திரைக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று இரண்டு வடிவம் வைத்தால் ஒரு நாள் ஒன்றை மாற்றி மற்றதை மறப்பீர்கள்.

ஏல விலைப் பட்டியல். இப்போது ஒரு வரியில் மீன் படம், பெயர், விலை, ‘கிலோ’, ஏற்ற இறக்க அம்பு என்று ஐந்து துண்டு இருக்கும். டாக்பேக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை வலப்பக்கம் தள்ள வேண்டும். இருபது மீனுக்கு நூறு தள்ளல். வரி முழுவதையும் ‘மெர்ஜ் செமான்டிக்ஸ்’ விட்ஜெட்டுக்குள் போடுங்கள். மீன் படத்தை ‘எக்ஸ்க்ளூட் செமான்டிக்ஸ்’ போட்டு மறையுங்கள், பெயர்தான் பக்கத்திலேயே இருக்கிறதே. அம்புக்கு ‘நேற்றைவிட 30 ரூபாய் கூடுதல்’ என்று லேபிள் (டாக்பேக் படிக்கும் பெயர்) கொடுங்கள். ஒரே தள்ளலில் ‘நீலக்கால் நண்டு, கிலோ 450 ரூபாய், நேற்றைவிட 30 ரூபாய் கூடுதல்’ என்று வந்துவிடும்.

‘நண்டு’, ‘இறால்’, ‘கணவாய்’, ‘மீன்’ என்ற பிரிவுத் தலைப்புகளுக்குச் செமான்டிக்ஸில் ‘ஹெடர்’ என்று குறியுங்கள். டாக்பேக்கில் படிக்கும் முறையைத் தலைப்புகளுக்கு மாற்றிக்கொண்டு மேலும் கீழும் தள்ளி நேராகக் கணவாய்க்குத் தாவலாம். இது பத்து நிமிட வேலை, ஆனால் செய்பவர்கள் குறைவு.

விலை தானாக மாறும் இடத்தில், மாறியதை டாக்பேக் தானாகச் சொல்லும்படி ‘லைவ் ரீஜியன்’ போடலாம். முழுப் பட்டியலுக்கும் போட்டுத் தொலைக்காதீர்கள். ஏலம் நடக்கிற நேரத்தில் போன் வாயை மூடாது. எச்சரிக்கை மாறினால் மட்டும் தானாகச் சொல்லட்டும்.

உப்புக்கை:

வெயில், ஈரம், பெரிய எழுத்து மூன்றுக்கும் என் பக்கத்திலிருந்து.

வெயில்: வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் எழுத்து, எழுத்துக்கும் பின்னணிக்கும் வேண்டிய 4.5-க்கு 1 என்ற குறைந்தபட்ச ஒளி வேறுபாட்டை மயிரிழையில் தாண்டும். அது அறைக்குள் உட்கார்ந்து படிப்பதற்கான அளவு. 999999 சாம்பல் 3-ஐக்கூடத் தொடாது. கரையில் படிக்க 7-க்கு 1 வேண்டும்; சாம்பலில் 595959 அல்லது அதற்கும் கருப்பு. எச்சரிக்கை வரிக்கு நான் சாம்பலே பயன்படுத்த மாட்டேன், முழுக் கருப்பு. ஆரஞ்சுப் பட்டையில் வெள்ளை எழுத்து போடுவது எல்லாருக்கும் பிடித்த தவறு. அதில் கருப்பு எழுத்து போடுங்கள். டார்க் மோடைக் கட்டாயமாக்க வேண்டாம்: உச்சி வெயிலில் கருப்புத் திரை முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும்.

வானிலைத் துறையின் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நான்கையும் வெறும் வட்டமாகக் காட்டாதீர்கள். நிறக்குருடு உள்ளவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே பழுப்பாகத் தெரியலாம். ‘சிவப்பு’ என்ற சொல்லும் வட்டத்துக்குள் இருக்கட்டும், வடிவமும் மாறட்டும்.

திரையை நெடுக்காகவே பூட்டி வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். போலராய்டு கண்ணாடி போட்டவருக்குச் சில போன் திரைகள் ஒரு கோணத்தில் கிட்டத்தட்டக் கருப்பாகிவிடும். போனைத் திருப்பினால் தெரியும். பூட்டியிருந்தால் எழுத்துக் கிடையாகவே நிற்கும்.

ஈரம்: தொடுதிரை கண்டுபிடிப்பது விரல் பட்டதும் திரையின் மின்தேக்கத்தில் வரும் மாற்றத்தை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒரு துளி விழுந்தாலே தொட்டதாக நினைக்கலாம். அதைச் செயலியால் தடுக்க முடியாது, விளைவைக் குறைக்கத்தான் முடியும். பட்டன் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) என்பது ஆண்ட்ராய்டு சொல்லும் அளவு. இந்தச் செயலிக்கு 64 வையுங்கள், இரண்டு பட்டனுக்கு நடுவே 16 இடைவெளி விடுங்கள். பாலித்தீன் உறைக்குள் போனை வைத்திருப்பவர்களுக்குத் திரையின் ஓரம் சரியாக வேலை செய்யாது, ஆகவே ஓரத்தை ஒட்டி எதையும் வைக்க வேண்டாம். நீக்குவதற்கு இடப்பக்கம் இழு, திருத்த அழுத்திப் பிடி என்பதெல்லாம் வேண்டாம். இழுத்துச் செய்யும் எதற்கும் கண்ணுக்குத் தெரியும் பட்டன் ஒன்று துணையாக இருக்கட்டும். விரல் வைத்த உடனே அல்ல, விரலை எடுத்த பிறகு வேலை நடக்க வேண்டும். அப்போதுதான் தவறாகத் தொட்டவர் விரலை நகர்த்தித் தப்பிக்க முடியும். ‘ஆன்டேப்’ அப்படித்தான் நடக்கும், ‘ஆன்டேப்டவுன்’ என்று எழுதியிருந்தால் மாற்றுங்கள்.

கைரேகை உள்நுழைவை ஒரே வழியாக வைக்காதீர்கள். கயிறும் உப்பும் பட்ட விரலில் ரேகை தேய்ந்திருக்கும். பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றியிருப்பார்கள். நான்கு இலக்கப் பின் எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பெரிய எழுத்து: ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். உங்கள் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு உயரத்தை எண்ணால் கட்டியிருப்பதுதான் காரணமாக இருக்கும். கன்டெய்னரில் ‘ஹைட் 48’ என்று எழுதியதை எல்லாம் ‘மின் ஹைட் 48’ ஆக்குங்கள். பெட்டி எழுத்தோடு சேர்ந்து வளரட்டும். பக்கவாட்டில் அடுக்கிய பட்டன்களை ‘ரோ’விலிருந்து ‘ரேப்’புக்கு மாற்றினால் இடம் போதாதபோது அடுத்த வரிக்கு இறங்கும். எழுத்தைப் பெரிதாக்கும் டெக்ஸ்ட் ஸ்கேலரை 1-இல் பூட்டி ‘டிசைன் உடையவில்லை’ என்று சொல்வது ஏமாற்று. அந்த அமைப்பை மாற்றியவர் காரணத்தோடுதான் மாற்றியிருக்கிறார்.

தமிழுக்கு வரி உயரமும் கூடுதலாக வேண்டும். டெக்ஸ்ட் ஸ்டைலில் ‘ஹைட் 1.0’ வைத்தால் ‘கீ’, ‘மீ’ மேல் சுழியும் ‘ழு’, ‘கு’ அடிச்சுழியும் அடுத்தடுத்த வரிகளில் மோதும். ‘மின்’ எது ‘மீன்’ எது என்று தெரியாமல் போகும். 1.5 வையுங்கள்.

பாம்பன்கரை:

மிக்க நன்றி. எச்சரிக்கை வாக்கியங்களை மாற்றிவிட்டேன். வரி உயரமும் சரியாகிவிட்டது.

ஒரு சந்தேகம். எல்லாப் பட்டனுக்கும் லேபிள் எழுதிவிட்டேன்: ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க இந்தப் பட்டனை இரண்டு முறை தட்டவும்’ என்கிற மாதிரி. திரையில் ‘அனுப்பு’ என்று மட்டும் இருக்கும். இது போதுமா? அப்புறம், எழுத்துப் படிக்காதவர்களுக்காக எச்சரிக்கையைச் சத்தமாகத் தானாகவே படிக்கும்படி வைத்திருக்கிறேன்.

டாக்பேக்_தினமும்:

அண்ணே, லேபிளைச் சுருக்குங்கள். ‘பட்டன்’, ‘இரண்டு முறை தட்டவும்’ என்பதை டாக்பேக் தானே சொல்லும். நீங்களும் எழுதினால் ‘பட்டனை இரண்டு முறை தட்டவும், பட்டன், இரண்டு முறை தட்டவும்’ என்று ஓடும். அதைவிடப் பெரிய கோளாறு: திரையில் ‘அனுப்பு’, லேபிளில் ‘சமர்ப்பிக்க’. குரலால் போனை இயக்குபவர் கண்ணில் பார்த்த சொல்லைத்தான் சொல்வார். லேபிளில் அந்தச் சொல் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. ‘அனுப்பு’ என்றே இருக்கட்டும். ‘ஜெஸ்ச்சர் டிடெக்டர்’ போட்டுச் செய்த பட்டன் என்றால் செமான்டிக்ஸில் ‘பட்டன்: உண்மை’ என்று கொடுங்கள், இல்லாவிட்டால் அது பட்டன் என்றே டாக்பேக்குக்குத் தெரியாது.

தானாகப் படிப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் டாக்பேக் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு குரலும் ஒன்றையொன்று மிதிக்கும். போனின் அமைப்புகளைச் சொல்லும் மீடியா க்வெரியில் ‘ஆக்சஸிபிள் நேவிகேஷன்’ உண்மையா என்று பார்த்து, உண்மை என்றால் தானாகப் படிப்பதை நிறுத்துங்கள். மற்றவர்களுக்கும் தானாக வேண்டாம். எச்சரிக்கைக்கு மேலேயே ‘கேட்க’ என்று பெரிய பட்டன் வையுங்கள். படகு என்ஜின் சத்தத்தில் முதல் முறை கேட்காது, மறுபடி அமுக்குவார்கள். அடிக்கடி வரும் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை உள்ளூர் ஆள் குரலிலேயே பதிந்து செயலிக்குள் வைத்துவிடலாம். ஓபஸ் வடிவத்தில் நொடிக்கு 16 கிலோபிட் போதும். 20 நொடிக்கு 40 கிலோபைட்தான்.

காற்றுத் திசைக்கு வெறும் அம்பு போடாதீர்கள். அம்பு காற்று வரும் பக்கத்தைக் காட்டுகிறதா போகும் பக்கத்தையா என்பதில் கண் தெரிந்தவர்களே குழம்புவார்கள். ‘தென்மேற்கிலிருந்து வீசும்’ என்று எழுதுங்கள். வாடை, கச்சான் என்று அந்தக் கரையில் சொல்லும் பெயரையும் சேர்க்கலாம். பெயர் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆகவே திசை முதலில், பெயர் பிறகு.

வலைக்கண்ணி:

விண்ணப்பத் திரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஓடிபிக்கு ஆறு தனிப் பெட்டி வைத்திருந்தால் ஒரே பெட்டியாக்குங்கள். ஆறு பெட்டியில் டாக்பேக் ஆறு தடவை ‘திருத்தும் பெட்டி’ என்று சொல்லும், இரண்டாவது இலக்கம் தவறினால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. குறுஞ்செய்தியிலிருந்து தானாக நிரப்பும் வசதியைப் போடுங்கள், நேரத்தையும் தாராளமாகக் கொடுங்கள். படத்தில் வளைந்த எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்லும் கேப்ட்சா இருந்தால் தூக்கிவிடுங்கள். பார்வையற்றவர் அங்கேயே நின்றுவிடுவார்.

பெட்டிக்குள் மங்கலாக எழுதி, தட்டத் தொடங்கியதும் மறைந்துபோகும் குறிப்பை மட்டும் நம்பாதீர்கள். ‘படகுப் பதிவு எண்’ என்ற பெயர் பெட்டிக்கு மேல் நிலையாக இருக்கட்டும். தவறு வந்தால் பெட்டியின் ஓரத்தைச் சிவப்பாக்குவது மட்டும் போதாது. ‘படகுப் பதிவு எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று அந்தப் பெட்டிக்குக் கீழே எழுதி, ஃபோகஸை அங்கே கொண்டுபோங்கள். ‘தவறான உள்ளீடு’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கீழே தோன்றி மறையும் டோஸ்ட் செய்தியில் தவறைச் சொல்லவே வேண்டாம். அது நீளமானது என்றாலும் மூன்றரை நொடிதான் நிற்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் முதல் சொல்லைத் தாண்டியிருக்க மாட்டார்.

காது கேளாதவர்களுக்கு: எச்சரிக்கை நோட்டிஃபிகேஷனுக்குத் தனிச் சேனல், உயர்ந்த முக்கியத்துவம், நீண்ட அதிர்வு. விலை மாற்றத்துக்கும் அதே அதிர்வு கொடுத்தால் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். உதவி எண் என்று தொலைபேசி எண்ணை மட்டும் போடாமல், எழுதிக் கேட்கவும் ஒரு வழி வையுங்கள்.

தொண்டி_வழக்கு:

சங்கத்தில் ‘இதெல்லாம் அவசியமா’ என்று யாராவது கேட்டால்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தகவல் தொடர்பு வசதிகளின் அணுகலைப் பற்றியது. இந்தியத் தரநிலை ஐஎஸ் 17802. இணைய வழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. நிவாரண விண்ணப்பம் உள்ள செயலிக்கு இது சும்மா அலங்காரம் இல்லை.

உப்புக்கை:

சோதிப்பது பற்றி ஒன்று. பிளட்டர் டெஸ்டில் ‘மீட்ஸ் கைட்லைன்’ என்று இருக்கிறது: தொடும் பரப்பு, லேபிள், நிற வேறுபாடு மூன்றையும் அதுவே பார்க்கும். நான்கு திரைக்கும் எழுத அரை நாள் ஆகும். கூகுளின் ஆக்சஸிபிலிட்டி ஸ்கேனரையும் ஓட்டுங்கள். ஆனால் லேபிள் இருக்கிறதா என்றுதான் இவை பார்க்கும், சரியான லேபிளா என்று பார்க்காது. விசைப்படகு ஐகானுக்கு ‘ஐகான் 3’ என்று எழுதியிருந்தாலும் பாஸ் போட்டுவிடும்.

அதற்குப் பிறகு கையால்: எழுத்தை 200 சதவீதமாக்கி, டாக்பேக்கைப் போட்டு, திரையை மறைத்துவிட்டு, நிவாரண விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசி வரை நிரப்பிப் பாருங்கள். அடுத்து டாக்பேக்கை அணைத்துவிட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே போய், ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்புக் கரைத்து அதில் விரலை நனைத்து, போனைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு அதே விண்ணப்பத்தை நிரப்புங்கள். எந்தப் பட்டனில் மூன்றாவது முறை தட்ட வேண்டி வருகிறதோ, அதுதான் நாளை காலை முதல் வேலை.